கோகிலாவின் பசி

கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டால் மகள் கோகிலா எழுந்துவிடுவாள். அதனால் அன்புச்செல்வி தாளிப்பதை விட்டு ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. பருப்பை வேகவைத்து, உப்பும் மஞ்சளும் போட்டு, நாலு சின்ன வெங்காயத்தை நசுக்கிப் போட்டு இறக்கிவிடுவாள். புருஷன் கதிர் அதைக் குறையாகச் சொன்னதில்லை. விடியும் முன்பே தூக்குப்போசியில் சோற்றை அடைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்துவிடுவான். மதுக்கரை சிமெண்ட் ஆலையில் லாரிக்கு மூட்டை ஏற்றும் வேலை. அங்கே போய் மற்ற ஆட்களோடு நிழலில் குத்தவைத்துச் சாப்பிடுவான். அன்புச்செல்வி வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல்லின் மறைவில் நின்றுகொண்டு நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வாள். என்ன தின்றோம் என்று அவளுக்கே தெரியாது.

அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெய் எல்லாம் தகரப்பெட்டிக்குள் இருந்தன. பெட்டிக்குப் பூட்டு. சாவி அவள் கழுத்துக் கயிற்றில்.

கோகிலவாணிக்கு நாலு வயது முடிந்திருந்தது. எடை முப்பத்தெட்டு கிலோ. பிறந்தபோது மற்றப் பிள்ளைகளைப் போலத்தான் இருந்தாள். மூன்று மாதம் ஆனதும் முலையை விடமாட்டேன் என்றாள். விடுவித்தால் வீல் என்று கத்துவாள். நல்ல பிள்ளை, நல்லாக் குடிக்குது என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். ஒரு வயதில் இடுப்பில் தூக்க முடியவில்லை. இரண்டு வயதில் சொன்னவர்களே கண் வைத்தார்கள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கடையில் விற்கிற கவுன் எதுவும் அவளுக்குச் சேராது. அன்புச்செல்வி தன் பழைய நைட்டியை வெட்டித் தைத்துப் போட்டுவிடுவாள். நடந்தால் தொடை இரண்டும் உராய்ந்து புண்ணாகும். அதற்குத் தேங்காயெண்ணெய் தடவினால் விரலால் வழித்து நக்கிவிடுவாள்.

"அம்மா, பசிக்குதும்மா."

"இப்பத்தான கண்ணு குடுத்தேன்."

"அது போயிருச்சும்மா."

"எங்க போச்சு?"

"தெரீல. உள்ள போயிக் காணாமப் போயிருச்சு."

அந்தப் பக்கத்தில் யாரைப் பார்த்தாலும் "சாப்புட்டாச்சுங்களா?" என்றுதான் கேட்பார்கள். பதிலை யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. கோகிலா கேட்பாள். தெருவில் போகிறவரை நிறுத்தி, "என்னங் சாப்ட்டீங்க? கொளம்பா, ரசமா? தொட்டுக்க என்னங்?" என்று விசாரிப்பாள். சொல்லச் சொல்ல அவள் தொண்டை ஏறி இறங்கும். சிரிக்கிறவர்கள் சிரிப்பார்கள். சிலருக்கு மனசு கேட்காது.

டீக்கடை ராமுலுவுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு நாள் போண்டா கொடுத்திருந்தார். மறுநாளும் கொடுத்திருந்தார். அன்புச்செல்வி கடைக்கே போய்விட்டாள்.

"ஏனுங்ண்ணா, எத்தன தடவ சொல்றது? குடுக்காதீங்கன்னா குடுக்காதீங்க."

"என்ன அம்மணி இப்பிடிப் பேசற. பச்சப் புள்ள பசிக்குதுன்னு வந்து நிக்குது. நாய் வந்து நின்னாக்கூட ஒண்ணப் பிச்சுப் போடறமில்ல."

"என்ற புள்ளைக்கு நான் போடறேனுங்."

"நீ போடற லட்சணந்தான் தெருவுக்கே தெரியுதே. ஊட்டுல பொட்டிக்குப் பூட்டுப் போட்டு வெச்சிருக்கறயாமா. பெத்தவ செய்யற காரியமா அது?"

கடையில் நின்ற ஆட்கள் டீ கிளாஸைக் கையில் வைத்தபடி அவளைப் பார்த்தார்கள். முதலில் எல்லாம் இந்தப் பேச்சுக்கு வீட்டுக்கு வந்து அழுவாள். இப்போது அழுகை வரவில்லை. "குடுக்காதீங்கண்ணா" என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு நடந்தாள். பால்வாடியிலும் பக்கத்துப் பிள்ளைகளின் தட்டை இழுத்துத் தின்கிறாள் என்று ஆயா சொல்லி, இனி கூட்டிவர வேண்டாம் என்று அனுப்பியிருந்தார்கள். தக்காளி பறிக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள் அதோடு நின்றுவிட்டாள்.

ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசத் தொடங்கியிருந்தது. சிமெண்ட் தூசியும் செம்மண்ணும் சேர்ந்து பாத்திரம், துணி, தலைமுடி எல்லாவற்றிலும் படிந்தது. அப்படி ஒரு மத்தியானம் கோகிலாவைக் காணவில்லை. அன்புச்செல்வி ராமுலு கடைக்கு ஓடினாள். அங்கே இல்லை. கடைசியில் பக்கத்துத் தோட்டத்துக் கட்டுத்தரையில் கண்டாள். மாட்டுக்கு ஊறவைத்த பருத்திக்கொட்டையைத் தொட்டியில் கைவிட்டு அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் கன்றுக்குட்டி அவள் முழங்கையை முட்டிக்கொண்டு நின்றது. அவளும் அதை முட்டித் தள்ளினாள்.

அன்புச்செல்வி அடித்தாள். கை வலிக்கும்வரை அடித்தாள். கோகிலா அழுதாள், அழுதுகொண்டே வாயில் இருந்ததை மென்றாள்.

அன்று பொழுதோடு காய்ச்சல் கண்டது. இருமலும் இழுப்பும் சேர்ந்துகொண்டது. இப்படிக் காய்ச்சல் அவளுக்கு அடிக்கடி வரும். இந்த முறை உதடு நீலம் பாரித்தது. கதிர் தெரிந்த லாரியில் இருவரையும் ஏற்றிக்கொண்டு கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனான்.

காய்ச்சல் இறங்க ஒரு வாரத்துக்கு மேலானது. மூக்கில் குழாயோடு படுத்திருந்தபோதும் பக்கத்துக் கட்டிலுக்கு வருகிற ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் டாக்டர் சென்னகேசவன் அவளைத் தினமும் வந்து பார்த்தார். அதிகம் பேசாதவர். ஒரு நாள் கதிரையும் அன்புச்செல்வியையும் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?"

"மாமன் மகளுங்க," என்றான் கதிர். "எங்கம்மாளோட தம்பி புள்ள."

"எல்லாரும் என்ன சொல்றாங்க? நிறையக் குடுத்துக் கெடுத்துட்டீங்கன்னா?"

"மொதல்ல அப்பிடிச் சொன்னாங்க. இப்பக் குடுக்காமக் கொல்றேன்னு சொல்றாங்க," என்றாள் அன்புச்செல்வி.

டாக்டர் கோகிலாவின் சீட்டை எடுத்து முன்னால் வைத்தார். "நான் சொல்றது ஊகம்தாம்மா. உறுதி பண்ற வசதி இங்க இல்ல. நம்ம உடம்புல கொழுப்பு சேர்ந்தா, அந்தக் கொழுப்பே மூளைக்கு ஒரு சேதி அனுப்பும். இருக்குது, போதும், நிறுத்துன்னு. இவ உடம்புல அந்தச் சேதி உண்டாகவே இல்லன்னு நினைக்கிறேன். இவ்வளவு சதை இருந்தும் இவ பட்டினி கிடக்கறான்னே மூளை நினைச்சிட்டிருக்கு. வெளிநாட்டுலயே ரெண்டு வருஷம் முன்னாலதான் இப்படிப் பிள்ளைகளப் பத்தி எழுதினாங்க. அவங்களும் சொந்தத்துல கட்டினவங்க பிள்ளைங்க."

"மருந்துங்களா?"

"அங்கயே இப்பத்தான் சோதனை பண்றாங்க. இங்க இல்ல. வரும். எப்பன்னு சொல்ல முடியாது. அதுவரைக்கும் அளவாக் குடுக்கணும். நீங்க குடுக்காம இருக்கறதுதான் இப்போதைக்கு வைத்தியம். இந்தப் பிள்ளைங்களுக்குச் சளிக் காய்ச்சலும் தாங்காது, பாத்துக்கணும்."

"பேராசை இல்லீங்களா டாக்டர்?" என்று கேட்டாள் அன்புச்செல்வி. "நாக்கு ருசி கேக்குதுன்னு நெனச்சனுங்."

"இல்லம்மா. பொய்ப் பசி இல்ல. மூணு நாள் சோறு இல்லாம இருந்தா உனக்கு எப்படி இருக்கும்? அது அவளுக்கு எப்பவும்."

அவள் தலையை ஆட்டினாள். இதைக் கேட்டால் ஆறுதலாக இருக்கும் என்றுதான் டாக்டர் சொல்லியிருக்க வேண்டும். அடித்த கை மடியில் கிடந்தது. அது யாருடைய கையோ போல இருந்தது.

"இது எப்படிங்க வந்துச்சு?" என்று கேட்டான் கதிர்.

"உங்ககிட்ட பாதி, அவங்ககிட்ட பாதி. பாதி மட்டும் இருக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டு பாதியும் ஒரு பிள்ளகிட்டச் சேர்ந்தா இப்படி. உங்க குடும்பத்துல முன்னால யாராவது, சின்ன வயசுலயே குண்டா இருந்து இறந்தவங்க உண்டா?"

"அப்பிடி யாருமில்லீங்க," என்றான் கதிர்.

வீட்டுக்கு வந்த மறுநாள் அன்புச்செல்வியின் அப்பா மாசாணம் பார்க்க வந்தார். கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு தோட்டத்தில் பண்ணையத்தாளாக இருந்தவர். இப்போது அங்கேயே தண்ணி கட்டுகிறார். பேத்திக்குத் தின்ன எதுவும் கொண்டுவரக் கூடாது என்று சொல்லியிருந்ததால் ரப்பர் பந்து ஒன்று வாங்கி வந்திருந்தார். கோகிலா அதைக் கடித்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டாள்.

ஆவணியில் வீட்டில் ஒரு கல்யாணம் பேசியிருந்தார்கள். அன்புச்செல்வியின் தங்கை மரகதத்தைக் கதிரின் தம்பி தம்பிதுரைக்கு. பேசியது பெரியவர்கள் இல்லை. கோயில் நோம்பிக்கு வந்துபோன இடத்தில் அவர்கள் இருவருமே ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள். முறைதானே என்று எல்லாருக்கும் சந்தோஷம். அதைப் பற்றிப் பேசத்தான் மாசாணம் வந்திருந்தார். பேச்சுவாக்கில் கட்டுத்தரையில் நடந்ததை அன்புச்செல்வி சொன்னாள். பருத்திக்கொட்டை என்றதும் அவர் பேச்சு நின்றது.

"என்னங்ப்பா?"

"ஒண்ணுமில்ல கண்ணு."

"டாக்டர் கேட்டாருங். நம்ம குடும்பத்துல இப்பிடி யாராச்சும் இருந்தாங்களான்னு."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். காற்றுக்குக் கூரைத் தகரம் அடித்துக்கொண்டிருந்தது.

"எனக்கொரு தம்பி இருந்தான். வேலான்னு பேரு. உங்கத்தைக்கு நெனப்பிருக்கும், எனக்கும் நெனப்பிருக்குது. நாங்க பேசிக்கிறதில்ல. இவளாட்டந்தான் இருப்பான். அந்தப் பஞ்சத்துல எல்லா ஊட்டுலயும் புள்ளைக எலும்பும் தோலுமாக் கெடக்குது, இவன் மட்டும் உருண்டையா. எங்கம்மா களவாண்டு இவனுக்குப் போடறான்னு எங்கப்பன் அம்மாளப் போட்டு அடிப்பாரு. கவுண்டர் ஊட்டு மாட்டுத் தொட்டியில பருத்திக்கொட்டையத் தின்னுபோட்டான்னு, புளியமரத்துல கட்டிப்போட்டாங்க. மழ வந்துச்சு. அவுத்துடல. ராத்திரியே காச்சல். விடிஞ்சாப் போயிட்டான்."

"எத்தன வயசுங்?"

"அஞ்சோ ஆறோ. யாரு எழுதி வெச்சா. எங்கம்மாளும் எங்கப்பனுக்கு அக்கா மகதான். கட்டிப்போட்டுக் கொன்னுபோட்டன்னு அம்மா சாகற மட்டும் எங்கப்பங்கிட்டப் பேசல."

அன்புச்செல்வி கோகிலாவைப் பார்த்தாள். அவள் வாசற்படியில் உட்கார்ந்து, சித்தப்பா வருகிறானா என்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பிதுரை எப்போது வந்தாலும் மிட்டாய் ஒளித்து எடுத்துவருவான்.

"இதைய எனக்குக் கட்டி வெக்கும்போது சொல்லியிருக்கலாமுங்கல்ல?"

"என்னன்னு கண்ணு சொல்றது? தின்னே செத்தான்னா? எங்களுக்கென்ன தெரியும், அது ரத்தத்துல ஓடுமுன்னு."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய மாமியார் பாவாத்தாளும் வந்துவிட்டாள். மாசாணத்தின் அக்கா. இன்னும் களை வெட்டப் போகிறவள். வாசலில் நின்றே ஆரம்பித்தாள்.

"ஏனம்மணி, கண்ணாலத்த நிறுத்தணுமுன்னு சொன்னயாமா?"

"ஆமாங்த்த."

"உன்ற புள்ளைக்கு வந்துச்சுன்னா ஊருல இருக்கற எல்லாத்துக்கும் வருமா? ரெண்டுந்தான் மனசொத்து நிக்குதுகளே. நீ யாரு நடுவால?"

"வராமயும் போலாமுங். டாக்டரே அப்பிடித்தான் சொன்னாரு. வந்துச்சுன்னா?"

"வந்தா வளக்கறது. நீ வளக்கல?"

"நானுங்களா வளக்கறேன்?" என்றாள் அன்புச்செல்வி. குரல் ஏறவில்லை. "நாங் காவக்காக்கறேனுங்."

பாவாத்தாள் கதிரைப் பார்த்தாள். "நீ என்னடா சொல்ற? உந்தம்பி பொளப்பு இது."

கதிர் செருப்பைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தான். "அவ சொல்றதுதாம்மா."

"வேலானப் பத்தி உங்களுக்குத் தெரியுமல்லங்த்த," என்றாள் அன்புச்செல்வி.

மாமியாரின் காதுபட அந்தப் பெயரை யாரும் சொல்லிப் பல வருடமாகிவிட்டது. பாவாத்தாள் படியில் உட்கார்ந்துவிட்டாள். "கவுத்த நாந்தான் கொண்டாந்து குடுத்தேன்," என்றாள். "அப்பங் கேட்டாரு, எடுத்தாந்து குடுத்தேன். எனக்குப் பத்து வயசு." தண்ணீர் கூடக் குடிக்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

ஆனாலும் மரகதம் ஒத்துக்கொள்ளவில்லை. அக்காவுக்குப் பொறாமை என்று கூட யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அன்புச்செல்வி ஆள் அனுப்பி அவளை வரவழைத்தாள். எதுவும் விளக்கிச் சொல்லவில்லை. கயிற்றிலிருந்து சாவியைக் கழற்றிக் கையில் கொடுத்தாள்.

"நாந் தக்காளி பறிக்கப் போறேன். பொழுதோட வாரேன். காலைல ஒரு கரண்டி, மத்தியானம் ரெண்டு கரண்டி, சாங்காலம் ஒரு கரண்டி. அதுக்கு மேல கேட்டாக் குடுக்காத."

"இதென்னக்கா பெரிய வேல," என்றாள் மரகதம்.

அன்புச்செல்வி அன்று முழுக்கத் தக்காளி பறித்தாள். முதுகு வெயிலில் காய்ந்தது. செடியின் பச்சை வாடை கையெல்லாம் ஏறியது. மத்தியானம் மற்றப் பெண்கள் வேலியோரம் உட்கார்ந்து தூக்குப்போசிகளைத் திறந்தார்கள். கொள்ளுப்பருப்பும் களியும் கொடுத்தார்கள். எத்தனையோ நாளைக்குப் பிறகு உட்கார்ந்து சாப்பிட்டாள். நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று தோன்றியதும் நிறுத்திவிட்டாள்.

பொழுது சாய்ந்து வீட்டுக்கு வந்தபோது மரகதம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலை கலைந்திருந்தது. மணிக்கட்டில் பல் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது. கோகிலா மூலையில் படுத்துத் தேம்பிக்கொண்டிருந்தாள். தகரப்பெட்டி திறந்து கிடந்தது. அரிசி தரையெல்லாம் இறைந்திருந்தது.

"நாலு தடவ குடுத்துப்போட்டேன்க்கா," என்றாள் மரகதம். "கால் ரெண்டையும் கட்டிப் புடிச்சுட்டுச் சித்தி, சித்தின்னு கத்துது. குடுத்தேன். தின்னு முடிச்சு மறுபடியும் கத்துது. அப்பறம் குடுக்கல. கடிச்சு வெச்சிருச்சு. பச்சரிசிய அள்ளி அள்ளி வாயில... நான் புடுங்கறேன், அது முளுங்குது."

அன்புச்செல்வி அரிசியைக் கூட்டி முறத்தில் அள்ளினாள்.

"தெனமுங்களாக்கா?"

"ம்."

மரகதம் நெடுநேரம் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு தம்பிதுரையின் பெயரைச் சொல்லி அழுதாள். அழுது முடித்ததும் சாவியை வைத்துவிட்டு எழுந்து போனாள். கோகிலாவிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை.

கல்யாணம் நின்றது. தம்பிதுரை அண்ணன் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டு, திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். "சித்தப்பா ஏம்மா வல்ல?" என்று கோகிலா கேட்டுக்கொண்டே இருந்தாள். தன் பிள்ளையை ஒரு நாள் முழுக்கக் காட்சிப்பொருளாக வைத்துத்தான் தங்கையைத் தடுத்தோம் என்பது அன்புச்செல்விக்குத் தெரிந்திருந்தது. செய்தது சரிதான். சரி என்பதால் மனசு லேசாகிவிடவில்லை. பாரமாகவும் இல்லை. ஒன்றுமாகவும் இல்லை.

தை மாதம் மரகதத்துக்கு அவிநாசியில் மாப்பிள்ளை அமைந்தது. உறவில்லாத இடம். மாசாணம் பத்திரிகை கொண்டுவந்தார். கொடுத்துவிட்டு, போகிற நேரத்தில் தயங்கி நின்றார்.

"மாப்பள ஊட்டாருக்கு வேலான் சமாச்சாரம் எதும் தெரியாது கண்ணு. புள்ளையக் கூட்டியாந்தீன்னா, ஆளாளுக்குக் கேப்பாங்க."

"கூட்டியாரலீங்ப்பா."

கதிரிடம் கோகிலாவை விட்டுவிட்டு அவள் போகலாம். ஆனால் கதிரால் மறுக்க முடியாது. கோகிலா ஒரு முறை கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான், இரண்டாம் முறை கேட்டால் கொடுத்துவிடுவான். "நீங்க போயிட்டு வாங்க மாமா. நம்மூட்டுல இருந்து ஒரு ஆளாச்சும் நிக்கோணும்," என்றாள். கூடப்பிறந்தவளின் கல்யாணத்தன்று அவள் கோகிலாவுக்கு அளந்து ஊட்டிவிட்டு, துணி துவைத்து, கொடியில் போட்டாள்.

கதிர் பொழுது இறங்கும் முன்பே திரும்பிவிட்டான். புது வேட்டி கசங்கவே இல்லை. கோகிலா வாசலுக்கு ஓட முடியாமல் அசைந்து அசைந்து வந்து, அவன் வலது கையைப் பிடித்து மூக்கில் வைத்துக்கொண்டாள். இழுத்து மோந்தாள். திருப்பி உள்ளங்கையை மோந்தாள்.

"அப்பா, ஒண்ணுமே மணக்கலீங்க?"

அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டான்.

"கண்ணாலத்துல சோறு போடலீங்களா?"

"போட்டாங்க சாமி. அப்பா சாப்புடல."

"ஏனுங்?"

"எலையில உக்காந்தேன். எந்திரிச்சுட்டேன்."

"பசிக்கலீங்களா?"

கதிர் அன்புச்செல்வியைப் பார்த்தான். "பசிக்குது," என்றான்.

கோகிலா அவன் கையை விட்டுவிட்டாள். வாய் திறந்திருந்தது. அவள் முன்னால் அந்த வீட்டில் யாரும் சாப்பிட்டதில்லை, பசிக்கிறது என்று சொன்னதுமில்லை. பசி தனக்கு மட்டும் வருகிற ஒன்று என்றுதான் அந்தப் பிள்ளை இத்தனை நாளும் நினைத்திருந்தாள் என்பது அன்புச்செல்விக்கு அப்போதுதான் தெரிந்தது.

"உங்களுக்கும் பசிக்குமாங்ப்பா?"

"பசிக்குஞ் சாமி."

"அம்மாளுக்கு?"

"அம்மாளுக்கும்."

அவள் திரும்பி, "அம்மா, அப்பாவுக்குப் பசிக்குதாமா. சோறு போடும்மா," என்றாள். பெட்டி திறந்தால் தனக்கும் கிடைக்கும் என்ற தந்திரமா, கரிசனமா என்று அன்புச்செல்விக்குத் தெரியவில்லை. இரண்டுமாகவும் இருக்கலாம். அவள் சட்டியை இறக்கினாள். மூன்று தட்டு எடுத்து வைத்தாள். கோகிலாவுக்குச் சாயங்காலத்து ஒரு கரண்டி, கதிருக்கு நிறைய, தனக்குக் கொஞ்சம். மூவரும் தரையில் உட்கார்ந்தார்கள்.

கோகிலா தன்னுடையதை ஒரு மூச்சில் முடித்தாள். கத்தப்போகிறாள் என்று அன்புச்செல்வி காத்திருந்தாள். அவள் கத்தவில்லை. கதிரின் கை தட்டிலிருந்து வாய்க்குப் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எச்சில் கன்னத்தில் வழிந்தது. கதிர் இரண்டு வாய்ச் சோறு மிச்சம் வைத்து நிறுத்தினான்.

"இன்னும் இருக்குதுங்ப்பா."

"போதும் சாமி."

"போதும்னா எப்பிடீங்ப்பா இருக்கும்?"

அவன் யோசித்தான். அன்புச்செல்வியும் யோசித்தாள்.

"கை தானா நின்னுக்குஞ் சாமி," என்றான் கதிர்.

கோகிலா தன் வலது கையைத் தூக்கி, பருக்கை ஒட்டியிருந்த விரல்களை விரித்து, அது நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.